அடிக்காத மணி

ஆகஸ்ட் 28

சின்னவளுக்கு,

அன்றைக்குத் தடுப்பு மருந்து கெட்டது காவலாளி கம்பளி தூங்கியதால் இல்லை. மணி அடிக்காததால் கெட்டது. மணியின் ஒயரைக் கழற்றச் சொன்னது நீ. கழற்றியது நான். திங்கட்கிழமை காலையில் யாருக்கும் தெரியாமல் அதைத் திரும்ப மாட்டியதும் நான்.

முதலிலேயே எழுதிவிட்டேன். நலம் விசாரித்துவிட்டு மெதுவாக விஷயத்துக்கு வரலாம் என்று மூன்று தாள் எழுதிக் கிழித்துப் போட்டேன். நலம் விசாரிக்க ஆரம்பித்தால் அதிலேயே என் தைரியம் தீர்ந்துபோகிறது.

நாங்கள் நலம். உன் அக்காவுக்கு முழங்கால் மடங்கவில்லை, வாய்க்கு ஒரு குறையும் இல்லை. நீ ஜனாதிபதி ஆன பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இது. மூன்று வருஷமாக ஏன் எழுதவில்லை என்று அக்காவிடம் இரண்டு தடவை கேட்டாயாம். இந்த விஷயத்தை எழுதாமல் வேறு எதையும் எழுத வரவில்லை என்பதுதான் காரணம்.

ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தில் உன்னைப் பற்றி ஒரு பாடம் போட்டிருக்கிறார்கள். உன் அக்கா கடைக்குப் போய் இரண்டு பிரதி வாங்கி வந்தாள், ஒன்று படிக்க, ஒன்று வந்தவர்களுக்குக் காட்ட. தையல்காரர் மகள் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் படித்தாள் என்று ஆரம்பிக்கிறது. உங்கள் வீட்டில் அப்போதே இரண்டு பல்பு இருந்தது. அது போகட்டும். அடுத்த பக்கத்தில் ஒரு படம். நாற்காலியில் ஒரு ஆள் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறான். தலைக்கு மேல் மணி அடிக்கிறது. "காவலாளி தூங்கினார், இரண்டு ஆண்டு உழைப்பு அழிந்தது. ஆனால் அந்த இளம் விஞ்ஞானி அவரைக் கோபிக்கவில்லை. 'வீட்டுக்குப் போங்கள், நாளைக்கு மறுபடி ஆரம்பிப்போம்' என்றார்." பாடத்தின் பெயர் 'மன்னிக்கும் மனம்'.

கம்பளியின் பேத்தி ஐந்தாம் வகுப்பு. அந்தப் பாடம் நடந்த வாரம் முழுக்க வயிற்றுவலி என்று சொல்லிப் பள்ளிக்கூடம் போகவில்லை. கம்பளிக்கு அது புரியவில்லை. அவன் பெருமையாக எல்லோரிடமும் சொல்கிறான், "அந்தப் படத்துல இருக்கறது நான்தான். டாக்டரம்மா மன்னிச்ச ஆளு நான்தான்" என்று.

இதோடு நின்றிருந்தால் இத்தனை வருஷம் போல வாயை மூடிக்கொண்டு செத்திருப்பேன். அக்டோபர் 20-ஆம் தேதி ஆய்வுக்கூடத்தின் புதுக் கட்டடத்தைத் திறக்க நீ வருகிறாய். மேடையில் கம்பளிக்கும் ஒரு நாற்காலி போடுகிறார்களாம். நீ அவன் கையைப் பிடித்துக் குலுக்க வேண்டுமாம், பத்திரிகைக்காரர்கள் படம் எடுக்க வேண்டுமாம். அவன் சட்டை தைக்கக் கொடுத்துவிட்டான்.

உனக்கு மறந்திருக்கலாம், வரிசையாக எழுதுகிறேன். குளிர் அறைக்குள் சூடு ஏறினால் மணி அடிக்கும். கதவு இரண்டு நிமிஷம் திறந்திருந்தாலும் அடிக்கும். நீ குப்பித் தட்டுகளை எடுத்து வைக்கும் நாட்களில் அது அடித்துக்கொண்டே இருக்கும். "அத்தான், இது என் மண்டைக்குள்ளேயே அடிக்குது, கழட்டி வைங்க" என்பாய். மெக்கானிக் நான், இயந்திர அறைக்குப் போய் ஒயரைக் கழற்றி, பெட்டியின் மேல் என் ஸ்க்ரூ டிரைவரை வைத்துவிட்டு வருவேன். வேலை முடிந்ததும் நீ ஸ்க்ரூ டிரைவரைக் கொண்டுவந்து என்னிடம் கொடுப்பாய். அது கைக்கு வந்தால் ஒயரை மாட்ட வேண்டும் என்று அர்த்தம். எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லாத ஏற்பாடு. நம் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும்.

அந்தச் சனிக்கிழமை நான் ஒரு கல்யாணத்துக்காக நாலு மணிக்கே கிளம்பிவிட்டேன். நீ பின்வாசல் வழியாக பஸ்ஸுக்குப் போய்விட்டாய். ஸ்க்ரூ டிரைவர் பெட்டி மேலேயே கிடந்தது. ஞாயிறு கம்பளிக்கு முறை. பன்னிரண்டு மணிக்கு உள்ளே போய் அளவைப் பார்த்து எழுதினான், சரியாக இருந்தது. அடுத்த அளவு ஆறு மணிக்கு. நடுவில் பார்த்துக்கொள்ளத்தான் மணி. குளிரூட்டும் கம்ப்ரஸர் இருப்பது கட்டடத்துக்குப் பின்னால், அது நின்றால் முன் அறையில் கேட்காது. அதன் பெல்ட் அறுந்தது. ஆறு மணிக்குக் கம்பளி கதவைத் திறந்தால் உள்ளே வெளியே மாதிரியே இருந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு குப்பிகள்.

திங்கட்கிழமை ஏழு மணிக்கு நான் போய், ஸ்க்ரூ டிரைவரைப் பார்த்து, ஒயரை மாட்டினேன். ஒன்பது மணிக்கு விசாரணை அதிகாரி பொத்தானை அழுத்தினார், மணி அடித்தது. "மணி நல்ல நிலையில் இருந்தது" என்று எழுதியதில் கையெழுத்துப் போட்டேன். கம்பளி சொன்னான், "அப்ப நான்தான் கண் அசந்திருப்பேன்."

விழாவுக்கு முன்னால் இதை நீ சரிசெய்ய வேண்டும்.

அத்தான்


செப்டம்பர் 9

அன்புள்ள அத்தானுக்கு,

உறையில் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டேன். வீட்டுக் கடிதங்களை மட்டும் பிரிக்காமல் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன், நல்லதாகப் போயிற்று.

இங்கே நூற்றுக்கு மேல் அறைகள். நான் இரண்டில் இருக்கிறேன். தண்ணீர் குடிக்க எழுந்து போனால் வழியில் ஒருவர் சல்யூட் அடிக்கிறார், குடித்துவிட்டுத் திரும்பினால் மறுபடி அடிக்கிறார். அதனால் இப்போதெல்லாம் குடத்தை அறைக்குள்ளேயே வைத்துக்கொள்கிறேன். காலையில் ஐந்தரைக்கு எழுந்து பிள்ளைகளின் கடிதங்களுக்குப் பதில் எழுதுகிறேன். அக்காவிடம் சொல்லுங்கள், அவள் பின்னிக் கொடுத்த சால்வையைத்தான் இன்னும் போர்த்துகிறேன். வெளிநாட்டுத் தலைவர் ஒருவரின் மனைவி எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டார்.

நீங்கள் எழுதியதை நாலு தடவை படித்தேன். அத்தான், நாற்பத்தொரு வருஷம் ஆகிறது. மனித ஞாபகம் அளவுக் கருவி இல்லை. ஒயரைக் கழற்றி மாட்டும் பழக்கம் நமக்கு இருந்தது உண்மை. ஆனால் அந்தச் சனிக்கிழமையா, அதற்கு முந்தியதா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. என் அந்த வருஷத்து நோட்டுப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். சனிக்கிழமைப் பக்கத்தில் தட்டு எண்கள் மட்டும்தான் இருக்கின்றன. எழுதி வைக்காததை நான் நம்புவதில்லை. இது உங்களுக்கும் தெரியும்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். அந்தக் கதையால் யாருக்குக் கெடுதல்? தேர்வில் தோற்ற ஒரு பையன் எழுதுகிறான், உங்கள் கதையைப் படித்த பிறகு என் அப்பா என்னை அடிக்கவில்லை என்று. தோல்விக்கு ஆளைத் தேடாதே, காரணத்தைத் தேடு என்று நான் எல்லாப் பள்ளிக்கூடத்திலும் சொல்கிறேன். அதிகாரிகளிடமும் அதையே சொல்கிறேன். ஒரு நாடு பயமில்லாமல் தன் தவறுகளை எழுதி வைத்தால் பாதி வியாதி போய்விடும் என்பது என் நம்பிக்கை. அந்தக் கதையை எடுத்துவிட்டால் இதை நான் எதை வைத்துச் சொல்வேன்?

ஆனாலும் அந்தப் படம் சரியில்லை. அதை எடுக்கச் சொல்கிறேன். கம்பளிக்கு வைத்தியமோ வேறு எதுவோ தேவை என்றால் தயங்காமல் கேளுங்கள்.

நான் பதவியேற்ற அன்று முதல் வரிசையில் உங்களுக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தேன். கடைசிவரை காலியாக இருந்தது. அதற்குக் காரணம் கேட்டு நான் ஒரு கடிதம்கூட எழுதவில்லை.

உங்கள்
சின்னவள்


செப்டம்பர் 17

சின்னவளுக்கு,

உன் கடிதம் வந்தபோது நான் கடைக்குப் போயிருந்தேன். உன் அக்கா பிரித்துப் படித்துவிட்டாள். இதுவரை அவளுக்கு ஒன்றும் தெரியாது. நான் வந்ததும் கேட்டாள், "எந்த ஒயர்?"

சொன்னேன். உட்கார வைத்து முழுக்கச் சொல்ல வைத்தாள். அப்புறம் சொன்னாள், "அந்த மனுஷன் நாப்பத்தோரு வருஷமா நம்ம வீட்டுக்கு வந்து டீ குடிச்சிட்டுப் போறாரு. கப்பை நீட்டும்போதெல்லாம் 'சூடா இருக்கு, தூங்கி வழிஞ்சு மேல ஊத்திக்காதீங்க'ன்னு நான் கிண்டல் பண்ணியிருக்கேன். நீங்க பக்கத்துல உக்காந்து சிரிச்சிருக்கீங்க."

சிரித்திருக்கிறேன். அது உண்மை.

உன்னைப் பற்றி அவள் சொன்னதையும் எழுதச் சொன்னாள், ஆகவே எழுதுகிறேன். "நாட்டுக்கே ஊசி போட்டவ, தனக்கு ஒண்ணு போட்டுக்கலையே." சால்வையைத் திருப்பி அனுப்பச் சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறாள். நான் வேண்டாம் என்றேன். என்னிடம் அவள் பேச்சை நிறுத்தி ஐந்து நாள் ஆகிறது. சாப்பாட்டுத் தட்டு மேஜையில் வந்து உட்காருகிறது, கூடவே ஒரு பெருமூச்சும் வருகிறது.

எழுதி வைக்காததை நம்புவதில்லை என்கிறாய். சரி. எனக்கு எட்டாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. மெஷின்களைப் பிரித்துப் பிரித்துத்தான் எல்லாம் கற்றேன். ஆனால் உன் நோட்டுப் புத்தக விதி எனக்குத் தெரியும், நீ புதுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும்போது ஏணி மேல் நின்று கேட்டிருக்கிறேன். தப்பான எண்ணை ரப்பரால் அழிக்கக் கூடாது, ஒரே கோடு போட்டு அடிக்க வேண்டும், கீழே என்ன இருந்தது என்று பார்ப்பவனுக்குத் தெரிய வேண்டும், பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். நீ கம்பளியை ரப்பரால் அழித்துவிட்டு, அந்த இடத்தில் அழகாக ஒரு கதை எழுதியிருக்கிறாய்.

யாருக்குக் கெடுதல் என்று கேட்கிறாய். போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன், கேள்.

ஞாயிறு அவன் வீட்டுக்குப் போனேன். அவனிடமே சொல்லிவிடுவது என்று முடிவு செய்துதான் போனேன். முன் அறையில் உன் படம் மாட்டியிருக்கிறான். வெயில் கொளுத்துகிறது, தலையில் அவனுக்கு அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்த அதே கம்பளிக் குல்லாய். குளிர் அறைக்குப் போய்ப் பத்து வருஷம் பழகிய தலை, குல்லாய் இல்லாமல் சளி பிடிக்கிறதாம்.

"வாய்யா மெக்கானிக்கு. சட்டையைப் பாரு. காலர் எப்படி?"

"நல்லா இருக்கு."

"கல்யாணத்துக்குக்கூட இப்படித் தைக்கலை. சரி, உக்காரு. பேச்சு எழுதியிருக்கேன், கேட்டுட்டுச் சொல்லு. அஞ்சு நிமிஷம்தான் குடுப்பாங்களாம்."

ஒரு தாளை எடுத்துக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்து நின்றான். மருமகள் சமையலறை வாசலில் வந்து நின்றாள். அவன் படித்தான். "மேடையில இருக்கற பெரியவங்களுக்கு வணக்கம். அன்னைக்குத் தூங்கின ஆளு இன்னைக்கு உங்க முன்னாடி நிக்கிறேன். என்னால ஒரு பெரிய மருந்து ஒரு வருஷம் தள்ளிப் போச்சு. அந்த ஒரு வருஷத்துல எத்தனை புள்ளைங்க செத்திருக்கும்னு நான் கணக்குப் போடாத நாள் இல்லை. டாக்டரம்மா என்னை மன்னிச்சுட்டாங்க. அந்தப் புள்ளைங்களோட அம்மாமார் யாராவது இங்க இருந்தா, அவங்களும் மன்னிக்கணும்."

சின்னவளே, அவன் அதைக் கணக்குப் போட்டிருக்கிறான். ஆஸ்பத்திரி அறிக்கையில் இருந்து எண்களை எடுத்து எழுதி வைத்திருக்கிறான். நீ மன்னித்தது ஒரு மத்தியானத் தூக்கத்தை. அவன் தலையில் இருப்பது அது இல்லை.

"எப்படி இருக்கு?" என்றான்.

"பகல்ல படுக்கறியா நீ?" என்று கேட்டேன். வாயில் அதுதான் வந்தது.

"அன்னையிலேர்ந்து இல்லை" என்றான். "காய்ச்சல்னாக்கூட உக்காந்துதான் இருப்பேன். கேளு இவளை."

மருமகள், "மாமா உக்காந்துக்கிட்டே கிடப்பாரு. நாங்க சொன்னா கேக்க மாட்டாரு" என்றாள்.

அந்த விசாரணைக்குப் பிறகு அவனைக் குளிர் அறையில் இருந்து எடுத்துவிட்டுப் புட்டி கழுவ வைத்தார்கள், ஞாபகம் இருக்கிறதா? அவன் எழுதிய அளவுப் பதிவேடு அச்சடித்த மாதிரி இருக்கும். அதற்குப் பிறகு யாரும் அவன் கையில் பேனா கொடுக்கவில்லை. வேலையில் இருந்து நீக்காமல் காப்பாற்றியது நீதான் என்று சொல்லிக்கொள்கிறாய். அதையும் பேப்பரில் பார்த்தேன்.

நான் வாயைத் திறக்கப் போனேன். மருமகள் டீ கொண்டுவந்தாள். குடித்தேன். "பேச்சு நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். எண்பது வயசில் ஒருத்தன் இப்படி ஒரு வேலை செய்தான் என்று யாராவது சொன்னால் அவன் முகத்தில் துப்புவேன்.

சனிக்கிழமையா இல்லையா என்று உனக்குத் தெரியாதா? உண்மையாகச் சொல்.

அத்தான்


அக்டோபர் 1

அத்தானுக்கு,

தெரியும்.

முதல் கடிதத்தில் நான் எழுதியது பொய். நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தது உண்மை, பார்க்க வேண்டிய அவசியம் இல்லை என்பதுதான் நான் எழுதாமல் விட்டது.

இதோடு உங்களுக்குத் தெரியாத ஒன்றையும் எழுதுகிறேன். ஞாயிறு காலை பத்து மணிக்கு நான் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். ஒரு சட்டைப் பையில் ஏதோ கனமாகக் கைக்குப் பட்டது, பேனாதான், ஆனால் உடனே ஸ்க்ரூ டிரைவர் ஞாபகம் வந்துவிட்டது. உங்களிடம் கொடுக்கவில்லை. ஒயர் மாட்டவில்லை. எங்கள் மாடிக்குக் கீழே மருந்துக் கடையில் தொலைபேசி இருந்தது. கையைத் துடைத்துக்கொண்டு நாலு படி இறங்கினேன். அப்போது தோன்றியது, நான் கூப்பிட்டால் எடுப்பவர் கம்பளி. மணி கழற்றியிருக்கிறது என்று சொன்னால் அவர் அதைப் பதிவேட்டில் எழுதுவார், அவர் எழுதாமல் விடுகிற ஆள் இல்லை. திங்கட்கிழமை மேற்பார்வையாளர் படிப்பார். அந்த வாரம்தான் எனக்குத் தனி ஆய்வகம் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய இருந்தார்கள். ஒரு நாளில் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். திரும்ப ஏறிப் போய்த் துணியைப் பிழிந்தேன்.

பெல்ட் அறுந்தது மத்தியானம். எனக்கு இரண்டு மணி நேரம் இருந்திருக்கிறது.

திங்கட்கிழமை அவர் அழுதபோது நான் சொன்னேன் இல்லையா, வீட்டுக்குப் போங்கள், நாளைக்கு மறுபடி ஆரம்பிப்போம் என்று. அவரை என் கண் முன்னால் இருந்து அனுப்ப வேண்டும் என்பதற்காகச் சொன்னது அது. பெருந்தன்மை என்று மற்றவர்கள்தான் பெயர் வைத்தார்கள்.

பல வருஷம் அதை நான் எங்கேயும் பேசவில்லை. முதல் விருது வாங்கிய பிறகு ஒரு கல்லூரியில், உங்கள் மிகப் பெரிய தோல்வி எது என்று ஒரு மாணவி கேட்டாள். உண்மையைச் சொல்லத்தான் ஆரம்பித்தேன், நம்புங்கள். "ஒரு ஞாயிற்றுக்கிழமை குளிர் அறையில் மணி..." என்று தொடங்கி, "கேட்கவில்லை" என்று முடித்தேன். யாருக்குக் கேட்கவில்லை என்று அவர்களே நிரப்பிக்கொண்டார்கள். கைதட்டினார்கள். அடுத்த ஊரில் அதையே சொல்லக் கேட்டார்கள். பத்தாவது தடவை சொன்னபோது நாற்காலியில் தூங்கும் ஆளை நானே பார்த்த மாதிரி இருந்தது.

அவர் குழந்தைகளைக் கணக்குப் போடுகிறார் என்று படித்த பிறகு மூன்று நாள் என்னால் பிள்ளைகளின் கடிதங்களைப் பிரிக்க முடியவில்லை.

ஆனால் அத்தான், இப்போது சொல்ல முடியாது. என்னைக் காப்பாற்றிக்கொள்வதற்காகச் சொல்லவில்லை, கேளுங்கள். வடக்கே மூன்று மாவட்டங்களில் தாய்மார்கள் பிள்ளைகளுக்கு ஊசி போட மறுக்கிறார்கள். மருந்தில் ஏதோ மறைக்கிறார்கள் என்று யாரோ கிளப்பிவிட்ட பேச்சு. நானே வீடு வீடாகப் போய்ப் பேசுகிறேன். ஆய்வகத்தில் நடந்ததை மறைத்தேன் என்று ஜனாதிபதியே மேடையில் சொன்னால் அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். சாகப் போவது பிள்ளைகள்.

என் பதவிக்காலம் முடிய இரண்டு வருஷம் இருக்கிறது. முடிந்த அடுத்த நாள் நானே எழுதி வெளியிடுகிறேன். அதுவரை பொறுங்கள். விழா மேடையில் இருந்து கம்பளியின் பெயரை எடுத்துவிடச் சொல்லியிருக்கிறேன். உடல்நலத்தைக் காரணமாகச் சொல்வார்கள். அவர் அந்தப் பேச்சைப் பேச வேண்டியிருக்காது.

வெட்கத்தோடு,
சின்னவள்


அக்டோபர் 8

சின்னவளுக்கு,

கம்பளியின் நாற்காலியை எடுத்துவிட்டு, அதற்கும் அவன் உடம்பையே காரணம் சொல்ல இருக்கிறாய். முன்பு அவன் தூங்கினான், இப்போது அவனுக்கு உடம்பு சரியில்லை. உன் தவறு எல்லாம் அவன் உடம்பிலேயே போய் உட்காருகிறது.

திங்கட்கிழமை ஆய்வுக்கூடத்தில் இருந்து ஒரு ஆள் வந்து அவனிடம் சொல்லியிருக்கிறான். நான் போனபோது சட்டையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "வேண்டாம்னு நினைச்சுட்டாங்க போல. தூங்கின ஆளை மேடையில ஏத்தறது அசிங்கம்தானே" என்றான். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. கூட உன் அக்காவும் வந்திருந்தாள், என்னைத் தனியாக அனுப்பினால் மறுபடி டீ குடித்துவிட்டு வருவேன் என்று. ஒயரில் ஆரம்பித்து நீ துணி துவைத்த கதைவரை எல்லாம் சொன்னேன்.

அவன் கத்துவான் என்று நினைத்தேன். முதலில் அவன் கேட்டது, "மணி அடிக்கவே இல்லையா?"

"இல்லை."

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்கும் அவளுக்கும்."

"நாப்பத்தோரு வருஷமா?"

"ஆமா."

குல்லாயைக் கழற்றினான். தலையைத் தடவிக்கொண்டே இருந்தான். "என் வீட்டுக்காரி போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆச்சு" என்றான். "சாகறதுக்கு முந்தின வாரம் ஆஸ்பத்திரியில நர்ஸுகிட்ட சொன்னா, இவரை நம்பி என்னை விட்டுட்டுப் போகாதீங்க, தூங்கிடுவாருன்னு. விளையாட்டாத்தான் சொன்னா. நான் அந்த வாரம் ராத்திரி பூரா நின்னுக்கிட்டே இருந்தேன். அவ தெரிஞ்சுக்காமலே போயிட்டாளே மெக்கானிக்கு."

நான் அவன் காலைத் தொடப் போனேன். காலை இழுத்துக்கொண்டான். "அதெல்லாம் வேணாம்" என்றான். "நீ இப்ப கிளம்பு." உன் அக்காவைப் பார்த்து, "நீங்க இருங்கம்மா, டீ சாப்பிட்டுப் போங்க" என்றான். நான் தெருவில் அரை மணி நேரம் நின்றேன். வெளியே வந்து அவள் சொன்னாள், மேடைக்கு அவன் வருவானாம். அழைத்தாலும் அழைக்காவிட்டாலும் வருவானாம். உன்னை மன்னிப்பதா என்பதை நீ பேசி முடித்த பிறகு யோசிப்பானாம். என்னைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லையாம். எனக்கு அது போதும், அதற்கு மேல் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை.

வடக்குத் தாய்மார்களைப் பற்றி எழுதியிருக்கிறாய். அதை நான் அலட்சியம் செய்யவில்லை, இரண்டு நாள் யோசித்தேன். கெட்டுப்போன முந்நூற்றுப் பன்னிரண்டு குப்பிகளையும் நாம் கொதிக்க வைத்துக் கொட்டினோம். ஒன்றுகூட ஒரு பிள்ளைக்கும் போகவில்லை. மறுபடி முதலில் இருந்து ஆரம்பித்துச் செய்ததுதான் இப்போது போடும் மருந்து, அந்தப் பதினோரு மாதமும் நான் ஒயரைத் தொடவே இல்லை, நீ எத்தனை தடவை கெஞ்சினாய் என்று நினைத்துப் பார். மருந்தில் பொய் இல்லை. அதைச் செய்தவளைப் பற்றிய கதையில்தான் இருக்கிறது. இதை அந்தப் பெண்களிடம் இப்படியே சொல்ல உனக்குத் தெரியும். ஏமாற்றுகிறவள் தன் மேல் தானே பழி போட்டுக்கொள்ள மாட்டாள் என்று அவர்களுக்கும் தெரியும். இரண்டு வருஷம் கழித்து வேறு யாரோ கண்டுபிடித்துச் சொன்னால்தான் மருந்தும் சேர்ந்து நாறும். கம்பளிக்கு எழுபத்தெட்டு. இரண்டு வருஷத்தை அவனிடம் கடன் கேட்க நீ யார், நான் யார்?

இனி விவாதம் இல்லை. ஆக வேண்டியதைச் சொல்கிறேன்.

நான் செய்ய வேண்டியதில் பாதியைச் செய்துவிட்டேன். ஒயரைக் கழற்றியது, மாட்டியது, பொய் அறிக்கையில் கையெழுத்துப் போட்டது எல்லாவற்றையும் இரண்டு பக்கம் எழுதி, ஆய்வுக்கூட இயக்குநரிடம் நேற்று நேரில் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்கி வந்திருக்கிறேன். உன் பெயரை அதில் எழுதவில்லை. அதை எழுத வேண்டியவள் நீ. மீதிப் பாதி, கம்பளியின் பேத்தி படிக்கும் வகுப்புக்குப் போய் அந்தப் பிள்ளைகள் முன்னால் இதைச் சொல்வது. தலைமை ஆசிரியை வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.

இயக்குநர் அந்தப் பழைய விசாரணை அறிக்கையைத் திறந்து, கம்பளி பேரில் எழுதிய குற்றத்தை நீக்கி, நீக்கிய உத்தரவை அவன் வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். தபாலில் அனுப்பக் கூடாது. யாரையாவது அனுப்பவும் கூடாது, அவரே போக வேண்டும். நீ சொன்னால் போவார், ஆகவே நீ சொல்.

பாடப் புத்தக ஆட்கள் படத்தை மட்டும் எடுத்தால் போதாது. பாடத்தையே எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும். மெழுகுவர்த்தியையும் எடுத்துவிடச் சொல்.

விழா ஏற்பாட்டுக்காரர்கள் கம்பளியின் நாற்காலியைத் திரும்பப் போட வேண்டும். எனக்கு மேடையில் இடம் வேண்டாம். நான் கீழே நிற்பேன்.

உன் அக்கா முதல் வரிசையில் உட்காருவாள். அவள் செய்ய வேண்டியது உன்னைப் பார்த்துக்கொண்டிருப்பது. அதை அவளிடம் யாரும் சொல்ல வேண்டியதில்லை.

நீ மைக் முன்னால் போய், வணக்கம் சொல்லும் முன்பே, மணி அடிக்கவில்லை என்றும், அடிக்காததற்குக் காரணம் நீ என்றும், ஞாயிறு காலை பத்து மணிக்கு உனக்கு அது தெரியும் என்றும் சொல்ல வேண்டும். மன்னித்தேன் என்று இத்தனை வருஷம் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். பிள்ளைகள் செத்த கணக்கு அவனுடையது இல்லை என்று அவன் பக்கம் திரும்பி, அவன் காதில் விழுகிற மாதிரி சொல்ல வேண்டும். அவனுக்கு இடது காது மந்தம்.

கம்பளி செய்ய வேண்டியது ஒன்றும் இல்லை.

அத்தான்